சாவியை எடுத்த பிறகும்

கருப்பசாமியின் மோட்டார் சைக்கிள் அன்று காலையும் கிளம்பவில்லை. உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். ஹார்னை அழுத்தினால் முனகல்கூட இல்லை.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுகளைப் பார்க்கும் எலெக்ட்ரீஷியன் அவன். குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யார் வீட்டில் ஃபேன் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பேட்டரிதான் கோளாறு என்று நினைத்துப் புதுசு வாங்கிப் போட்டான். அதுவும் ராத்திரியோடு ராத்திரியாக இறங்கியது. வண்டி ஓடும்போது டைனமோ ஒழுங்காகத்தான் சார்ஜ் கொடுத்தது. அதை மீட்டர் வைத்தே பார்த்துவிட்டான். அப்படியானால் நிற்கும்போதுதான் ஏதோ நடக்கிறது.

குனிந்து எஞ்சினின் வலப்பக்க மூடியில் கை வைத்தான். இளஞ்சூடாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் நிறுத்திய வண்டி.

உள்ளே மச்சினன் சண்முகசுந்தரம் தூங்கிக்கொண்டிருந்தான். காண்ட்ராக்ட் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டு, ஊரிலிருந்து வந்து இந்த குவார்ட்டர்ஸில் தங்கியிருப்பவன்.

"எந்திரி. ராத்திரி வண்டிய எடுத்துக்கிட்டு எங்க போன?"

"நான் எங்க போனேன்? படுத்தவன் இப்பத்தான் அத்தான் முழிக்கேன்."

"எஞ்சின் சுடுது. வெளக்க அணைக்காம போட்டுட்டு வந்து படுத்திருக்க. வந்து தொட்டுப் பாரு."

சத்தம் கேட்டு அவன் மனைவி தமயந்தி அடுப்படியிலிருந்து வந்தாள். அவளும் போய்த் தொட்டுப் பார்த்தாள். தம்பி அவள் முகத்தையே பார்த்தான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மத்தியானமே சண்முகசுந்தரம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். குள்ளஞ்சாவடியில் ஒரு அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

அவன் போன நாலாம் நாள் கருப்பசாமி பேட்டரியை சார்ஜ் ஏற்றி மாட்டினான். விளக்குகளை அணைத்து, சாவியை எடுத்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தான். விடிந்ததும் ஓடிப்போய் உதைத்தான். வண்டி கிளம்பவில்லை. மூடியைத் தொட்டான். அதே இளஞ்சூடு.

அன்று ஷிப்டுக்குப் போகவில்லை.

பேட்டரியை மறுபடி ஏற்றிவந்து, அதன் ஒரு ஒயரைக் கழற்றி, நடுவே ஒரு சின்ன பல்பைச் சேர்த்தான். சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. ஆனாலும் பல்பு எரிந்தது. எங்கேயோ கரண்டு கசிகிறது.

"தமயந்தி, கொஞ்சம் வா. நான் ஒவ்வொரு ஒயரா எடுக்கேன். பல்பு அணைஞ்சா சொல்லு."

வந்து உட்கார்ந்தாள். முன் விளக்கு ஒயரை எடுத்தான். ஹார்ன் ஒயரை எடுத்தான். பின் விளக்கும் போயிற்று. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. கடைசியாகக் கட்-அவுட் பெட்டியைத் திறந்து டைனமோ ஒயரை இழுத்தான்.

"அணைஞ்சிருச்சு" என்றாள். தம்பி போன பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

எஞ்சின் ஓடும்போது மட்டும் டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்துவிட்டு, நின்றதும் பிரித்துவிட வேண்டிய சின்ன சுவிட்ச் அந்தக் கட்-அவுட். அதன் முனைகள் தீய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ராத்திரி முழுக்கப் பேட்டரியின் கரண்டு வலப்பக்க மூடிக்குள் இருக்கும் டைனமோவுக்கே திரும்பிப் போய், அதைச் சூடாக்கியிருக்கிறது.

"அப்ப அவன் எடுக்கல" என்றாள் தமயந்தி.

"எடுக்கல."

புதுக் கட்-அவுட் மாட்டி, வண்டியை நேராகக் குள்ளஞ்சாவடிக்கு விட்டான். மில்லுக்குப் பின்னால் மச்சினன் தங்கியிருந்த வீட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த வீட்டுக்கார அம்மா கஸ்தூரியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் அக்கா வூட்டுக்காரரா? தம்பி குளிச்சிகினு இருக்குது. உக்காருங்க. வந்த நாள்லேர்ந்து சரியா சாப்புடறதே இல்லிங்க."

சண்முகசுந்தரம் தலை துவட்டியபடி வந்தான். கருப்பசாமி கட்-அவுட் கதையை ஒன்றுவிடாமல் சொன்னான். தப்பு என் மேல்தான் என்றான். வீட்டுக்கு வா என்றான்.

மச்சினன் பொறுமையாகக் கேட்டான். "கோளாறு கெடைச்சிருச்சு, நீங்க வந்துட்டீங்க. கெடைக்கலன்னா அத்தான்?"

கருப்பசாமி வண்டிச் சாவியைக் கையில் உருட்டினான்.

"அக்காவும் தொட்டுப் பாத்துட்டுப் பேசாமத்தானே போச்சு."

மச்சினன் கடையில் டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினான். கூட மட்டும் வரவில்லை.

நடந்ததைக் கருப்பசாமி வீட்டில் சொன்னபோது, கடைசி வார்த்தையை விட்டுவிடலாமா என்று தோன்றியது. விடாமல் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை தமயந்தி தம்பிக்குப் புளிச்சோறு கட்டினாள். "வண்டில கொண்டு விடுறேன்" என்றான் கருப்பசாமி.

"வேண்டாம். நான் பஸ்ஸுல போயிக்கிடுதேன்."

சாயங்காலம் வெறும் தூக்குவாளியோடு திரும்பினாள். கண்கள் வீங்கியிருந்தன.

"சாப்ட்டானா?"

"சாப்ட்டான். பொங்கலுக்கு வாரேன்னான். சாப்ட்டுட்டு அன்னைக்கே திரும்பிருவானாம்."

கருப்பசாமி தலையை ஆட்டினான். அவள் வாளியைக் கழுவப் போனாள்.