ஆளுக்கு ஒன்று

என் வாயை யாராவது தைத்து வைத்திருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் போயிருக்காது. அக்காவும் அத்தானும் ஒரு மாதமாக நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் என் வழியாகத்தான். சாப்பாட்டு மேஜையில் என்னை நடுவில் உட்காரவைத்து, "உப்பு கம்மின்னு சொல்லுடா உங்க அக்காகிட்ட" என்பார் அத்தான். "கம்மின்னா போட்டுக்கச் சொல்லு" என்பாள் அக்கா. நான் பேக்கரி வண்டி ஓட்டுகிறவன். ரொட்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் தொழில், சண்டையை அல்ல.

சண்டை, குழந்தைகளின் தடுப்பூசிக்காக. அக்கா போடணும் என்கிறாள், அத்தான் வேண்டாம் என்கிறார். இரட்டைப் பெண்கள், ஒன்பது மாதம் முடிந்துவிட்டது, தட்டம்மைக்கான ஊசி போட வேண்டிய வயது. இரண்டுக்கும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம். அக்கா போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறாள். நாள் முழுக்க முகங்களையே பார்க்கிற அவளே சில நேரம் தடுமாறிப்போவாள். குணத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று எந்நேரமும் தூங்கும், இன்னொன்று எந்நேரமும் அழும். தூங்குமூஞ்சி, அழுமூஞ்சி என்று நான் விளையாட்டாகக் கூப்பிட்டது வீட்டில் அப்படியே நிலைத்துவிட்டது.

அத்தானைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட முடியாது. அவர் லிஃப்ட்களைச் சோதித்துச் சான்று தருகிறவர். ஓடுகிற லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டு டார்ச் அடித்துக் கம்பிக் கயிறுகளைப் பார்க்கிற ஆள். ஆனால் போன வருடம் கூட வேலை பார்ப்பவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்த வீட்டுப் பையனுக்கு ஊசி போட்ட பிறகு வந்த ஜுரத்தில் வலிப்பு வந்துவிட்டது. இவர் மடியிலேயே. கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்ததாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பையன் கண் விழித்து அம்மாவைக் கேட்டான். இப்போது பந்தடித்துத் தெருவில் உள்ள ஜன்னலையெல்லாம் உடைத்துக்கொண்டிருக்கிறான். அத்தானுக்கு அந்தப் பந்து கண்ணில் படுவதே இல்லை.

அதற்கப்புறம் போனில் வரிசையாக ஊசிக்கு எதிரான வீடியோக்கள் வேறு. "அதுல முக்கால்வாசி குப்பைன்னு எனக்கே தெரியும் மச்சான். ஆனா என் மடியில நடந்தது குப்பை இல்லையே" என்றார் ஒருநாள்.

அக்காவிடம் வேறு ஒரு படம் இருந்தது. ஸ்டுடியோவுக்கு ஒரு பெண் வந்தாளாம், கையில் ஒரு கல்யாண வீட்டு குரூப் போட்டோ. கூட்டத்தின் ஓரத்தில் யார் இடுப்பிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன முகத்தைக் காட்டி, இதை மட்டும் தனியாகப் பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். அந்தக் குழந்தைக்கென்று வேறு படம் இல்லை. தட்டம்மை வந்து, சளி நெஞ்சில் இறங்கி, போய்விட்டது. அக்கா அந்த முகத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் புள்ளி புள்ளியாகக் கலைந்துகொண்டே போயிற்றாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை.

இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் பேசினாலும் உதை எனக்குத்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல் வாயை விட்டேன்.

"இதுக்கு ஏன் இவ்வளவு ரகளை? பிள்ளைங்க ரெண்டு, நீங்களும் ரெண்டு பேர். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க! அக்கா அவ பிள்ளைக்கு ஊசி போடட்டும், அத்தான் அவர் பிள்ளைக்குப் போடாம வெச்சுக்கட்டும். தீர்ந்துது வழக்கு!"

நான் சொன்னது கிண்டல். இந்த மண்டைகளுக்கு அது உறைக்கவில்லை. அத்தான் தட்டைத் தள்ளி வைத்தார். "சரி" என்றார். "சரி" என்றாள் அக்காவும். ஒரு மாதத்தில் முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அதுவும் இந்தக் கூத்துக்கு.

மறுநாள் காலை ரொட்டி போட்டு முடித்த கையோடு என் வண்டியிலேயே கிளினிக் போனோம். பின்னால் காலித் தட்டுகள் கடகடவென்று ஆடின, முன்னால் அக்கா மடியில் ஒருத்தி, அத்தான் மடியில் ஒருத்தி. ஊசி போடும் அறை சின்னது. எடை பார்க்கும் மேடை, சுவரோரம் ஒரு குளிர்ப்பெட்டி, மேஜையில் பஞ்சு டப்பா. நர்ஸுக்கு அக்கா வயதுதான் இருக்கும்.

"ரெண்டு பேருக்கும்தானே?" என்று கேட்டுக்கொண்டே கை கழுவினாள்.

"ஒருத்திக்கு மட்டும்" என்றார் அத்தான்.

"ஏன், இன்னொருத்திக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கா."

"அப்புறம்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். திருடனைப் பிடித்துக் கொடுத்த மாதிரி. நான் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். வெளியே போகச் சொல்லிக் கத்தப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அத்தானுக்கு எதிரே உட்கார்ந்து, அன்றைக்கு மடியில் என்ன நடந்தது என்று கேட்டாள். அவர் முழுவதையும் சொன்னார். நடுவில் ஒருமுறைகூட அவள் குறுக்கே பேசவில்லை.

"நீங்க பார்த்தது நெஜம்" என்றாள். "ரொம்ப அபூர்வம், ஆனா நடக்கும். ஜுரத்துல வர்ற வலிப்பு அது. பார்க்கத்தான் பயங்கரமா இருக்கும், அநேகமா அதுவா நின்னுடும், பின்னாடி ஒண்ணும் தங்காது. அம்மை வந்தா ஜுரம் இதைவிட அதிகமா வரும், வலிப்பும் வரலாம், அதுக்கு மேலயும் ஆகலாம். நான் மறைக்கல, ரெண்டு பக்கமும் சொல்லிட்டேன். சரி, எந்தக் குழந்தைக்கு வேண்டாம்?"

யாருக்கு ஊசி போடுவது என்றுதான் வீட்டில் இத்தனை நாளும் பேச்சு. யாரை விட்டுவிடுவது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அத்தான் கையில் இருந்தவள் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தோளில் ஒருத்தி எச்சில் வழியத் தூங்கினாள். அத்தான் இவளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஊசி வேண்டும் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்ற அக்கா என்ன செய்தாள் தெரியுமா? தோளில் இருந்தவளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு" என்றாள். என்னிடம் அல்ல, அவரிடமே. "போட்டு ஏதாவது ஆச்சுன்னா, நான்தானே இவளை எடுத்து நீட்டினேன்னு ஆகும்."

"போடாம ஏதாவது ஆச்சுன்னா நான்தானே இவளைப் பிடிச்சு வெச்சுக்கிட்டேன்னு ஆகும்" என்றார் அவர். "ஒரே லிஃப்ட்ல ரெண்டு பேர் நிக்கிறாங்க. ஒருத்தருக்கு மட்டும் பத்திரம்னு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்?"

"போட முடியாதுதான்" என்றாள் அக்கா.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நர்ஸ் பக்கம் திரும்பினார். "வலிப்பு வந்தா நான் என்ன செய்யணும்? அதை முதல்ல காட்டுங்க."

அவள் ஒரு துண்டைச் சுருட்டி மேஜைமேல் வைத்தாள். ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, இறுக்கிப் பிடிக்காமல் இருப்பது, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவது. அத்தான் அந்தத் துண்டை மகளாகவே நினைத்துத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அப்புறம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "ரெண்டு பேரையும் குடு" என்று அக்காவிடம் கை நீட்டினார். இரண்டு தொடையிலும் இரண்டு பேர்.

முதல் ஊசி தூங்குமூஞ்சியின் கையில் இறங்கியது. வீலென்று அலறியது அழுமூஞ்சி! குத்து வாங்கியவள் அவளை ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தாள். அந்த அறையில் அத்தனை பேரும் சிரித்துவிட்டோம், அத்தானைத் தவிர.

ஒரு வாரம் கழித்துத்தான் ஜுரம் வரும், வராமலும் போகலாம் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். அது ஒரு மத்தியானம் வந்தது. அக்கா போன் செய்ததும் வண்டியைப் பாதி வழியில் திருப்பிக்கொண்டு ஓடினேன். கூடத்தில் பாய் விரித்து இரண்டு பேரையும் படுக்க வைத்திருந்தார்கள். தூங்குமூஞ்சி தணலாகக் கொதித்தாள், முகம் சிவந்திருந்தது. அக்கா மருந்தை அளந்து கொடுத்தாள். அத்தான் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு வெளுத்திருந்தது. மெல்ல மெல்லச் சூடு கொஞ்சம் இறங்கியது. வலிப்பு வரவில்லை.

அப்போதுதான் அத்தான் அழுமூஞ்சியின் நெற்றியைத் தொட்டார். குளுகுளுவென்று இருந்தது. மனிதர் முகம் மாறிவிட்டது.

"இவளுக்கு ஏன் ஜுரம் வரல?"

ஜுரம் வருமே வருமே என்று ஒரு மாதம் வீட்டை ஆட்டிவைத்த ஆள் கேட்கிற கேள்வி இது. உடனே நர்ஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "மேடம், ஒருத்திக்கு ஜுரம் வந்துடுச்சு. இன்னொருத்திக்கு ஒண்ணுமே இல்ல. அவளுக்கு ஊசி வேலை செய்யலையா?"

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "ஊசியில இருக்கறது பலம் போன கிருமி சார். அதைப் பார்த்து உடம்பு பழகிட்டிருக்கு. நாளைக்கு நெஜமானது வந்தா எப்படி அடிக்கணும்னு இப்பவே ஆயத்தம் பண்ணுது. சில உடம்பு சத்தம் போட்டுக்கிட்டு செய்யும், சிலது சத்தமில்லாம செய்யும்."

"அப்போ இவளும் செய்யறாளா?"

"செய்வா சார். அநேகமா இந்த நிமிஷமே செஞ்சுக்கிட்டிருப்பா. அடுத்த ஊசிக்கு மட்டும் மறக்காம வந்துடுங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நிற்கத் தெரியாது, ஒரு வார்த்தை பேசத் தெரியாது, மூக்கைத் துடைக்க இன்னொருத்தர் வேண்டும். இதுகள் இதுவரை பார்த்தே இராத ஒரு எதிரியின் முகத்தை யாரும் சொல்லிக் கொடுக்காமல் உள்ளே படித்துக்கொண்டிருக்கின்றன. நாங்கள் மூன்று பெரியவர்கள், ஒரு மாதமாகக் கத்தியவர்கள், பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

அத்தான் போனைக் கீழே வைத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நகர்ந்து உட்கார்ந்து, சூடான வயிற்றில் ஒரு கையும் குளிர்ந்த வயிற்றில் ஒரு கையும் வைத்துக்கொண்டார்.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல, வாங்க" என்று அக்கா கூப்பிட்டாள்.

"இரும்மா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "வேலை நடந்துக்கிட்டிருக்கு."