தாம்பூலப் பையோடு வந்த செம்பருத்தி

என் மச்சான் நெடுமாறன் பாங்காக்கில் ஐந்து நாள் சுற்றிவிட்டு வந்து, ஊரெல்லாம் அளந்தது கோயிலைப் பற்றியோ கடலைப் பற்றியோ அல்ல. ஏர்போர்ட்டில் அதிகாரியை ஏமாற்றியதைப் பற்றித்தான். அடுக்குச் செம்பருத்திக் குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி, அழுக்குச் சட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாராம்.

"செடி கொண்டாறதுக்கு பர்மிட்டு வேணுமாம், பூச்சி இருக்குதான்னு டெஸ்ட்டு வேணுமாம். நாம இன்னா வெடிகுண்டா கொண்டாறோம்?" என்று செஞ்சிக் கடைத்தெருவில் நின்று சிரித்தார். கூடச் சிரிக்க நாலு பேர் இருந்தார்கள். அந்த நாலு பேருக்கும் தோட்டம் கிடையாது.

குச்சிகளைப் பெருக்கி, மகள் சுமலதா கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு கன்று கொடுத்தார். முந்நூறு கன்று. இயற்கையைக் காப்பது பற்றி மைக்கில் அரைமணி நேரம் பேச்சு வேறு. அவர் முடிப்பதற்குள் சாம்பார் ஆறிவிட்டது.

எட்டே மாதம். செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி, பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல. அங்கிருந்து என் ஒன்றரை ஏக்கர் பப்பாளிக்கு ஏறிவிட்டது. அதை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை. தோட்டக்கலை அதிகாரி வந்து பார்த்தார். "மருந்து மட்டும் அடிச்சா போதாது. அந்தச் செம்பருத்தி எல்லாத்தையும் இந்த வாரத்துக்குள்ள புடுங்கி எரிச்சாத்தான் மிச்ச மரம் தப்பிக்கும்" என்றார்.

வீடு வீடாகப் போனேன், அவலூர்பேட்டை வரைக்கும். ஒருவரும் அசையவில்லை. கல்யாணத்தில் வெற்றிலை மஞ்சளோடு வாங்கிய செடியைப் பிடுங்கினால் பெண்ணுக்கு ஆகாதாம். அதுவும் அவள் மாசமாக இருக்கும்போது! ஒரு வாத்தியாரே இதைச் சொன்னார். அவர் நடத்துவது அறிவியல் பாடம். மூளையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார் போல.

கடைசியில் மச்சானிடமே போனேன். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் புடுங்கிடுவாங்க."

"நான் குடுத்தத நானே புடுங்கச் சொல்றதா? என் மானம் இன்னா ஆவறது மாப்ள?"

மானமாம். ஈரத்துணியில் சுற்றிக் கடத்தியபோது அது எங்கே போயிருந்ததோ.

உள்ளேயிருந்து சுமலதா வந்தாள். ஆறு மாத வயிறு. அப்பனைத் திரும்பியும் பார்க்காமல் வாசலுக்குப் போய், தொட்டியில் இருந்த செம்பருத்தியை வேரோடு பிடுங்கிச் சாக்குப்பையில் திணித்தாள்.

"நைனா சொல்ல வாணாம். என் பேரச் சொல்லித்தான வெச்சிக்கினு இருக்குறாங்க? நானே வீடு வீடா வர்றேன். கெளம்புங்க மாமா, மொதல்ல உங்க வீட்டுது."

நான் எழுந்திருக்கவில்லை. பப்பாளித் தோட்டத்து வேலியை ஒட்டி, என் வீட்டுச் செம்பருத்தி இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஊரையெல்லாம் திட்டித் தீர்த்த நான் அதில் மட்டும் கை வைக்கவில்லை. பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்தேன்.

பிடுங்கியாகிவிட்டது என்று பொய் சொல்லலாமா என யோசித்தேன். அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தாள்.