வெளிப்பக்கம் திறக்கும் கதவு

நாலு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். கதவுதான் திறக்கவில்லை. விடிந்ததிலிருந்து திறந்தே கிடந்ததை, சாரல் அடிக்கிறதென்று யாரோ சாத்தியிருந்தார்கள். மழைக்கு ஒதுங்கிய தெருச்சனம் முழுக்க அந்தச் சின்ன முன்னறையில் நெருக்கிக்கொண்டு நின்றது.

"தள்ளுங்கப்பா," என்றார் பெட்டிக்கு முன்தோள் கொடுத்திருந்த எதிர்வீட்டுத் தையல்காரர். "இந்த வீட்டுக் கதவு வெளியதானே தெறக்கும்."

கதவை ஒட்டி நின்றவர்கள் தள்ளினார்கள். அசையவில்லை. செத்தவரின் மகன் கதவோரம் சனத்துக்குள் நசுங்கி நின்றான்.

பெட்டிக்குள் இருந்தவர் முப்பத்தாறு வருஷம் தியேட்டர் வாசலில் காவலுக்கு நின்றவர். நாடகக் கொட்டகையாக இருந்து சினிமாவுக்கு மாறிய கட்டடம். ஒரு மேட்னியில் புகை கிளம்பியது. உள்பக்கம் திறக்கும் கதவுகளில் கூட்டம் அப்பிக்கொண்டது. இவர் வெளியே நின்று தள்ளினார். உள்ளே இருந்தவர்களும் தள்ளினார்கள். பதினொரு பேர். அதற்கப்புறம்தான் லைசென்ஸில் அந்த வரி ஏறியது: கதவுகள் எல்லாம் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். வருஷா வருஷம் அதிகாரி வரும்போது ஒன்பது கதவையும் ஒற்றை விரலால் தள்ளிக் காட்டுவார். தியேட்டர் மரச்சாமான் கிடங்கான பிறகும் வீட்டுக் கதவு அதே சட்டத்தில்தான் இருந்தது. அது தெருப்பக்கம் வீசித் திறந்ததில் தையல்காரர் நெற்றி இரண்டு தடவை வீங்கியது. உங்க வாசலைத் தாண்ட எனக்கும் ஒரு லைசென்ஸ் வாங்கிக் கொடுங்க என்று அவர் கேட்டது தெருவுக்கே சிரிப்பு. அப்பா மகனிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்:

"பயந்தவன் தள்ளுவான்டா. இழுக்கமாட்டான்."

முந்தாநாள் அவர் படுக்கையில் கிடக்க, மகன் தச்சரைக் கூப்பிட்டுக் கதவை உள்பக்கம் திறக்கும்படி திருப்பி மாட்டினான். கதவு இடிக்கிறதென்ற தெருவோடு இனியும் மல்லுக்கட்ட அவனுக்குத் தெம்பில்லை. உளிச் சத்தத்தில் அப்பா கண் விழித்தார்.

"எந்தப் பக்கம்டா தெறக்குது?"

"வெளியதாம்ப்பா. கீல்தான் மாத்தினோம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் யாரோ மூச்சு முட்டுது என்றார்கள். சனம் இன்னும் முன்னால் நெருக்கியது.

"பின்னால போங்க," என்றான் மகன். குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னான். "ஒரு அடி பின்னால போங்க. கதவு உள்ள தெறக்கும்."

தையல்காரர் அவனைத் திரும்பிப் பார்த்தார். ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு சனம் பின்வாங்கியது. அவன் இழுத்தான்.

சாயங்காலம் மழை விட்டது. தையல்காரர் எட்டிப் பார்த்தபோது கதவு கழன்று தரையில் கிடந்தது. மகன் குத்தவைத்து, நிலையின் வெளி ஓரத்தில் பென்சிலால் கீலுக்குக் குறித்துக்கொண்டிருந்தான்.

அவர் தன் நெற்றியை ஒருதரம் தடவிவிட்டு, குனிந்து கதவின் ஒரு முனையைப் பிடித்தார்.