எழுதாததை அழி

அலுவலகத்தில் அவளுக்குப் 'பட்டியல்' என்று பட்டப்பெயர். டீ குடிக்கக் கிளம்பினால்கூட பட்டியல் போட்டுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பாள் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அதனாலேயே மேலாளர் அந்த வேலையை அவள் தலையில் கட்டினார்.

தொலைபேசி நிலையத்தின் இருபத்தாறு கேட்வேக்களிலும் புது மென்பொருள் ஏற்ற வேண்டும். கேட்வே என்பது இரும்பு அலமாரிக்குள் விசிறி இரைய ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி. ஊரில் யார் எந்த எண்ணை அழுத்தினாலும், அந்த அழைப்புக்கு வழிகாட்டுவது அதுதான். ஆம்புலன்ஸுக்கான அவசர எண்ணும் அதன் வழியாகவே போகும். அந்த எண்ணை எடுத்துப் பேசும் அறையில் பகல் ஷிஃப்டில் உட்காருபவள் அவளுடைய சொந்த அக்கா. எது அறுந்தாலும் அந்த எண் அறுபடக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதுவரை அத்தனை கேட்வேக்களையும் ஒவ்வொன்றாகக் கையாலேயே அமைத்து வந்தவர் 'கம்பி'. நெட்டையாய், நோஞ்சானாய், எப்போதும் அலமாரிகளுக்கு நடுவில் செருகி வைத்தது போல நிற்பவர். இனி அது சரிப்படாது, ஒரு கருவி வாங்கியே ஆக வேண்டும் என்றார் மேலாளர். பட்டியல் ஒரு மாதம் அலசியதில் இரண்டு தேறின. முதல் கருவி சொன்னதைச் செய்யும், சொல்லாவிட்டால் சும்மா கிடக்கும். இரண்டாவது, ஒவ்வொரு கேட்வேக்குள்ளும் ஒரு காவலாளை உட்கார வைத்துவிடும். மனிதன் அல்ல, ஒரு சின்ன நிரல். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது மையத்தில் இருக்கும் மாதிரியோடு தன் கேட்வேயை ஒப்பிட்டுப் பார்க்கும். இம்மி வித்தியாசம் இருந்தாலும் தானே திருத்திவிடும்.

"மொத கருவியே போதும்மா," என்றார் கம்பி. "நாம கேக்காம எதுலயும் கை வைக்காது."

"உங்க வேலையில அது கை வெச்சிடும்னு பயமாண்ணா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். அவர் அலமாரிகளுக்கு நடுவே போய்விட்டார்.

இரண்டாவது கருவியே முடிவானது. மாதிரிக்காக, சோதனை அறையில் இருந்த கேட்வேயை அப்படியே நகலெடுத்தாள். இருப்பதிலேயே சுத்தமானது அதுதான். மாதிரியில் இல்லாத வரிகளை நீக்க, கருவியின் திரையில் 'எழுதாததை அழி' என்று ஒரு கட்டம் இருந்தது. வருடக்கணக்கில் சேர்ந்த குப்பை ஒழியட்டும் என்று அதையும் டிக் செய்தாள்.

பிறகு அறுபத்து நான்கு சோதனைகள். அறுபத்து மூன்று தேறின. மீதி ஒன்று, அவசர எண். ஆம்புலன்ஸ் துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் அந்த எண்ணை யாரும் சோதனைக்கு அழைப்பதில்லை. ஒரு பொய் அழைப்பு ஓர் உண்மை அழைப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் நிலையத்தில் அது எழுதி ஒட்டிய சட்டம். கடிதம் போய்ப் பத்து நாளாகியும் பதில் இல்லை. வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போட முடியாது என்று மேலாளர் கையை விரித்தார். பட்டியல் அந்த வரிக்கு எதிரே 'பிறகு' என்று எழுதினாள்.

வெள்ளி காலை பத்து மணிக்குப் பொத்தானை அழுத்தினாள். பத்தே நிமிடத்தில் இருபத்தாறு பச்சை விளக்குகள். மேலாளர் கைதட்டினார். யாரோ கேக் வெட்டக் கத்தி தேடினார்கள்.

பத்தே முக்காலுக்கு அக்கா கைபேசியில் அழைத்தாள். சாயங்காலம் கடைக்குப் போவதைப் பற்றி அளந்துகொண்டிருந்தவள், இன்றைக்குப் பேச நேரம் கிடைத்திருக்கிறதே என்று தானே வியந்துகொண்டாள்.

"அரை மணி நேரமா ஒரு அழைப்புகூட வரலடி. ஊருக்கே உடம்பு சரியாயிடுச்சு போல."

பட்டியல் நாற்காலியை விட்டு எழுந்தாள். "அக்கா, வைக்காத. அப்படியே இரு," என்று மட்டும் சொல்லிவிட்டு கம்பியிடம் ஓடினாள்.

அவர் ஒரு கேட்வேயைத் திறந்து பார்த்தார். அவசர எண்ணுக்கு வழி சொல்லும் வரியைக் காணோம். வட்டாரத்துக்கு வட்டாரம் அந்த வரி மாறும். அதனால் ஒவ்வொன்றிலும் அவர் தன் கையால் எழுதியிருந்தார். சோதனை அறையிலிருந்து தவறிப்போய்கூட அவசர அழைப்பு போய்விடக் கூடாதே என்று அந்த ஒரு கேட்வேயில் மட்டும் எழுதாமல் விட்டிருந்தார். அவள் நகலெடுத்தது அதைத்தான்.

அவர் வரியைத் திரும்ப எழுதினார். அக்காவின் அறையில் மணி அடிப்பது கைபேசி வழியாகக் கேட்டது. பட்டியல் மூச்சு விட்டாள். மூன்று நிமிடத்தில் அந்த வரி மறுபடி காணாமல் போனது. காவலாள் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

"முதல்ல இதுங்களைக் கொல்லணும்," என்றார் கம்பி. "நீ நிறுத்திக்கிட்டே வா. நான் எழுதறேன்."

இருவரும் கேட்வே கேட்வேயாக உள்ளே நுழைந்தார்கள். அவள் காவலாளை நிறுத்த, அவர் நினைவிலிருந்து வரியை எழுதினார். திரையில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. மேலாளர் பின்னால் நின்று என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருவரும் திரும்பவில்லை. இருபத்தாறாவது முடிந்தபோது மணி பதினொன்று இருபது.

கம்பி அதோடு நிற்கவில்லை. மறுக்கப்பட்ட அழைப்புகளின் பதிவைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். முப்பத்தெட்டு வீடுகள் அவசர எண்ணை அழைத்திருந்தன. பெரும்பாலானவை இரண்டு மூன்று முறை முயன்று ஓய்ந்திருந்தன. ஓர் எண் மட்டும் பத்து பதினான்கிலிருந்து பத்து நாற்பத்தொன்று வரை பத்தொன்பது முறை. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அவள் அந்த எண்ணை மேசைத் தொலைபேசியில் அழைத்தாள். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள்.

சந்தாதாரர் பதிவேட்டில் முகவரி இருந்தது. கைபேசியை எடுத்தாள். அந்தப் பக்கம் நான்கைந்து மணிகள் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருந்தன.

"அக்கா, ஒரு முகவரி சொல்றேன். வண்டி அனுப்பு."

"யாருக்கு என்னடி?"

"தெரியல."

"வயசு? மூச்சு இருக்கா?"

"தெரியலக்கா. பத்தொன்பது தடவை கூப்பிட்டிருக்காங்க. உங்களுக்கு வரல. இப்ப எடுக்க மாட்டேங்கறாங்க. இன்னும் முப்பத்தேழு முகவரி இருக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. பிறகு வந்த குரலை இவள் இதுவரை கேட்டதில்லை. ஊர் பேர் தெரியாதவர்களோடு அக்கா நாள் முழுக்கப் பேசும் குரல்.

"முகவரியை மெதுவாச் சொல்லுங்க. பதிவு பண்றோம்."

சொன்னாள்.

"எங்கேயிருந்து பேசறீங்க?"

"தொலைபேசி நிலையம். கேட்வே பிரிவு."

"இதுக்குப் பொறுப்பு யாருங்க?"

கம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான்," என்றாள். "அடுத்த முகவரி சொல்லட்டுங்களா?"