கீரித்தோல் கோட்

அந்த ஜனவரியில் குணவதிக்குத் தன்னுடைய மூக்கே அருவருப்பாகிவிட்டது. கட்டட வாசலைத் தாண்டியதும் அது ஒழுகத் தொடங்கும். துடைப்பதற்குக் கையுறையைக் கழற்றுவதற்குள் மேலுதட்டில் இறுகிவிடும். பஸ்ஸில் ஏறியதும் இளகி மறுபடி இறங்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அதே கதிதான். ஆளாளுக்கு உறிஞ்சுவார்கள், கடதாசியில் மூக்கைச் சீறுவார்கள், சீறிய கடதாசியைச் சுருட்டித் திரும்பவும் சட்டைப் பைக்குள் வைப்பார்கள். குணவதி ஜன்னல் பக்கம் திரும்புவாள். அங்கே யாரோ தலை சாய்த்திருந்த எண்ணெய்த் தடம் கண்ணாடியில் உறைந்துபோயிருக்கும்.

அவள் கனடாவுக்கு வந்தது 1993 மே மாதம். கணவர் சிவபாதம் அதற்கு ஐந்து வருஷம் முந்தியே அகதியாக வந்து, பார்க்டேலில் ஒரு பழைய கட்டடத்தின் எட்டாம் மாடியில் ஒற்றை அறை வீடு எடுத்திருந்தார். வந்த புதிதில் ஏரிக்கரைக் காற்றும் பச்சை மரங்களும் அவளுக்குப் பிடித்திருந்தன. "நல்லாத்தானே இருக்கு, ஏன் எல்லாரும் குளிர் குளிர் எண்டு பயப்பிடுத்துறவை?" என்று கேட்டாள்.

"பொறும். ஸ்நோ விழட்டும்," என்றார் சிவபாதம்.

ஸ்நோ விழுந்தது. முதல் நாள் வெள்ளையாக, பார்க்க வடிவாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அது பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்துக்கு வந்துவிட்டது. நாய்கள் மஞ்சள் மஞ்சளாக அடையாளம் வைத்துவிட்டுப் போயின. பஸ் தரிப்பிடத்தில் துப்பிய எச்சில்கள் துப்பிய வடிவத்திலேயே உறைந்து கிடந்தன. குணவதி அவற்றின் நடுவே இடம் பார்த்துக் கால் வைத்தாள். கட்டடத்துக்குள்ளும் நிம்மதி இல்லை. யாரும் ஜன்னல் திறப்பதில்லை. சிகரெட், பொரித்த மீன், நனைந்த கம்பளம், எல்லாம் சேர்ந்து அவியும் ஒரு மணம் நடைபாதையில் மாதக்கணக்காக நின்றது.

குணவதி பிறந்ததிலிருந்து மச்சம் தின்றறியாதவள். சிவபாதமும் வீட்டில் சைவம்தான். ஆனால் அவருக்குக் கிடைத்த வேலை நகர நடுவில் ஓர் உணவகத்தில் மாட்டிறைச்சி வாட்டுவது. வேலை முடிந்து வந்தால் அவருடைய ஜக்கெற்றில் கருகிய கொழுப்பு மணக்கும். அதைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால்தான் கொழுவ வேண்டும், குளித்த பிறகுதான் சமையலறைப் பக்கம் வர வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். அவர் மறுபேச்சுப் பேசுவதில்லை.

அவளுடைய வேலை மிசிசாகா எல்லையில், பிளாஸ்ரிக் கரண்டிகளைப் பெட்டியில் அடுக்கும் ஒரு தொழிற்சாலையில். ஒரு பஸ், பிறகு சுரங்க ரயில், பிறகு இன்னொரு பஸ். கடைசிப் பஸ்ஸால் இறங்கி, ஒரு பக்கம் வெறும் நிலமும் மறுபக்கம் லொறிகளுமாக இருக்கும் தெருவில் நடக்க வேண்டும். அந்த நடையில் காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. சிவபாதம் மலிவு விற்பனையில் வாங்கித் தந்த நீல ஜக்கெற் பார்வைக்கு உப்பலாக இருந்தது. காற்று அதற்குள் முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறியது.

ஒரு காலை பஸ் பிந்தியது. தலையில் கட்டியிருந்த சால்வை விலகியது அவளுக்குத் தெரியவில்லை. மத்தியானம் இடது காது தடித்து, சுட்ட கத்தரிக்காய் மாதிரிப் பளபளத்தது. அடுத்தடுத்த நாள் அதிலிருந்து நீர் வடிந்தது. பிறகு ஒரு விடியற்காலை தலையணை உறையில் ஒரு துண்டுத் தோல் ஒட்டியிருந்தது. தன்னுடைய தோல்தான் என்று விளங்கியதும் குணவதி ஓடிப்போய்க் கழுவும் தொட்டியில் சத்தி எடுத்தாள்.

எதிர் வீட்டில் மிஸிஸ் நோவாக் என்ற போலந்துக் கிழவி தனியாக இருந்தார். அவர் லிஃப்ற்றில் வைத்து அந்தக் காதைப் பார்த்துவிட்டார். நாக்கைத் தட்டினார், தலையை ஆட்டினார். அன்று பின்னேரம் கதவில் தட்டுச் சத்தம். திறந்தால் மிஸிஸ் நோவாக், மயங்கி விழுந்த ஆளைத் தூக்கி வருவதுபோல, இரண்டு கைகளிலும் ஒரு பெரிய மண்ணிற உரோமக் கோட்டைத் தாங்கிக்கொண்டு நின்றார். அவர் வன்கூவரில் மகனோடு இருக்கப் போகிறார். அங்கே இப்படிக் குளிர் இல்லை. இது இனித் தனக்குத் தேவையில்லை. அவருடைய உடைந்த இங்கிலிஷில் இவ்வளவும் குணவதிக்கு விளங்கியது. வேண்டாம் என்று சொல்லும் இங்கிலிஷ் அவளுக்கு வருவதற்குள் கோட் அவள் கைகளுக்கு வந்துவிட்டது.

சிவபாதம் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உது மிங்க் எல்லோ. லேசிலை கிடைக்காத சாமான்."

"மிங்க் எண்டா என்ன?"

"ஒரு மிருகம். எங்கடை கீரி மாதிரி."

குணவதி கோட்டை உற்றுப் பார்த்தாள். மேலிருந்து கீழாக ஒடுங்கிய பட்டைகள், ஒன்றோடொன்று தைத்தவை. ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் ஒரு கருங்கோடு. அது முதுகு.

"இதிலை எத்தினை கீரி இருக்கும்?"

"ஆருக்குத் தெரியும். ஐம்பது, அறுபது."

அவள் கைகளைச் சேலையில் துடைத்தாள். பிறகு அது போதாதென்று சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். "சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள்ளை உது இருக்கேலாது. வெளியிலை கொண்டுபோங்கோ."

"காதைப் பாரும் குணா. இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு."

"காது போனாப் போகட்டும்."

சிவபாதம் கோட்டைப் பல்கனியில் கொழுவினார். விடியப் பார்த்தபோது தலையில்லாத ஒரு பெண் அங்கே நின்றுகொண்டிருப்பதுபோல இருந்தது. குணவதி திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

அதற்கு அடுத்த கிழமை வந்த குளிரைப் பற்றி ரேடியோவிலேயே பயத்தோடு பேசினார்கள். மைனஸ் இருபத்தாறு என்றார்கள். காற்றோடு சேர்த்து அவர்கள் சொன்ன கணக்கைக் குணவதி கேட்க விரும்பவில்லை. நீல ஜக்கெற்றை மாட்டி, இரண்டு சால்வை சுற்றி, கீழே இறங்கி, வாசல் கதவைத் தள்ளினாள். தோல் உரிந்த காதில் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்ததுபோல இருந்தது. மூச்சை இழுத்தால் மூக்கு மயிர்கள் குத்தின. கண்ணீர் கன்னத்திலேயே நின்றது. கதவை விட்டுவிட்டுத் திரும்பினாள். வேலைக்குப் போகாமல் இருக்கலாம் என்றால், அங்கே கேள்வி கேட்காமலே ஆளை மாற்றிவிடுவார்கள்.

சிவபாதம் நித்திரையில் இருந்தார். குணவதி பல்கனிக் கதவைத் திறந்து, இரண்டு விரலால் கோட்டைப் பிடித்து உள்ளே இழுத்து, உதறி, சாமிப்படத்துக்கு முதுகு காட்டி நின்று போட்டுக்கொண்டாள். பூச்சி உருண்டை மணத்தது. அதற்கடியில் பழைய முகப்பவுடர். லிஃப்ற்றில் இறங்கும்போது கோட் சூடேறியது. சூடேற ஏற மூன்றாவதாக இன்னொரு மணம் எழும்பியது. நனைந்த நாயின் மணம். குணவதி வாயால் மூச்சு விட்டாள்.

ஆனால் வெளியே போனபோது குளிர் உள்ளே வரவில்லை. கோட்டின் கழுத்தை உயர்த்திக் காதை மறைக்க முடிந்தது. முதுகு நிமிர்ந்தது. தோள்கள் தாமாகவே தளர்ந்தன. உடம்பு சுகமாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது, அந்தச் சுகத்தைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. ஐம்பது செத்த மிருகங்களுக்குள் புகுந்துகொண்டு சுகமாக இருக்கிற உடம்பு என்ன உடம்பு என்று வழி முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள்.

தொழிற்சாலையில் அவளோடு ஒரே மேசையில் நிற்கிற கிளடிஸ், மன்னாரைச் சேர்ந்தவள், பகிடிக்காரி. கோட்டைக் கண்டதும் கரண்டிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"குணாக்கா, என்ன இது, ராணி மாதிரி வாறியள்?"

"விருப்பமெண்டா இப்பவே கொண்டு போ."

"கொண்டு போனா நீங்கள் என்னத்தைப் போட்டுக்கொண்டு வீட்டை போவியள்?"

குணவதி பொத்தான்களைக் கழற்றினாள். கோட்டைத் தன் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வைத்தாள்.

இரண்டு கிழமை அப்படியே போனது. வீட்டுக்கு வந்ததும் கோட் பல்கனிக்குப் போகும், அவள் குளியலறைக்குப் போவாள். சிவபாதத்தின் ஜக்கெற்றுக்குப் போட்ட சட்டம் இப்போது தனக்கும் என்று அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக இருந்தது. குளித்துக் குளித்து முழங்கைத் தோல் மீன் செதிள் மாதிரி எழும்பியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சுரங்க ரயிலில் இருக்க இடம் கிடைத்தது. எதிரே மூன்று பேர் நின்றார்கள், இருபது வயதுக்குள். அதில் ஒரு பெண், தலைமயிர் ஒரு பக்கம் மழித்தவள், குணவதியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கிட்ட வந்து ஏதோ சொன்னாள். குணவதி வழி கேட்கிறாளோ என்று நினைத்துச் சிரித்துவைத்தாள். சிரிப்பைக் கண்டதும் அந்தப் பெண்ணின் குரல் உயர்ந்தது. நீளமாகப் பேசினாள். அதில் "அனிமல்" என்பதும் "ஷேம்" என்பதும் மட்டும் குணவதிக்குப் பிடிபட்டன. பெட்டியில் இருந்த எல்லோரும் தங்கள் பேப்பர்களைப் பார்த்தார்கள்.

ரயில் நின்றது, கதவு திறந்தது. அந்தப் பெண் குனிந்து, குணவதியின் நெஞ்சில் துப்பிவிட்டு இறங்கிப் போனாள்.

குணவதி முதலில் பார்த்தது அந்தப் பெண்ணின் சப்பாத்துகளை. முழங்கால் வரை உயர்ந்த கறுப்புத் தோல் சப்பாத்து, உப்புக் கறை படிந்தது. பிறகுதான் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். உரோமத்தின் மேல் நுரையோடு நின்றது, இறங்கவில்லை. இனிப்புச் சூயிங்கம் மணத்தது. பக்கத்தில் இருந்த மனிதர் எழும்பினார். உதவப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் தன் காற்சட்டையில் பட்டுவிட்டதா என்று பார்த்துவிட்டு, தள்ளிப்போய் வேறு இடத்தில் இருந்தார்.

இன்னொருத்தியின் எச்சில். குணவதியின் வீட்டில் ஒருவர் குடித்த தேத்தண்ணிக் கோப்பையை மற்றவர் தொடுவதில்லை. நெஞ்சைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடிக்க முடியுமானால் பிடித்திருப்பாள். கடைசி நிலையம் வரும்வரை இரண்டு கைகளையும் விரித்து, சாயம் காயாத சிலை மாதிரி இருந்தாள்.

வெளியே, பஸ் நிற்கும் இடத்தில், ஒரு குப்பைத் தொட்டி இருந்தது. குணவதி கோட்டைக் கழற்றினாள். எச்சில் படாத பக்கமாகச் சுருட்டி, தொட்டிக்குள் பாதி திணித்தாள். அதற்குள் காற்று சட்டைக்குள் நுழைந்து முதுகெலும்பைத் தொட்டது. பஸ்ஸைக் காணவில்லை. காது துடிக்கத் தொடங்கியது. பற்கள் அடித்துக்கொண்டன. தொட்டியில் பழைய கோப்பியும் வாழைப்பழத் தோலும் கிடந்தன. அவள் கோட்டை வெளியே இழுத்தாள். இதற்குள் எச்சில் உறைந்து ஒரு சிறு கண்ணாடிச் சில்லுப்போல இருந்தது. கையுறை விரலால் சுண்டினாள், தெறித்து விழுந்தது. கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். துப்பியவளைவிடத் தன் மேல்தான் அந்த நேரத்தில் அவளுக்கு அதிக அருவருப்பு வந்தது.

கிளடிஸ் கேட்டுக் கொதித்தாள். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் சிரிச்சனான்."

"சிரிச்சனீங்களோ?"

"வழி கேக்கிறாள் எண்டு நினைச்சன்."

கிளடிஸ் வாயைப் பொத்தினாள், ஆனாலும் சிரிப்பு வெடித்துவிட்டது. "நான் மச்சமே தின்னாத ஆள் எண்டு சொல்லியிருக்க வேணும், அக்கா. நான் இங்கிலிஷிலை எழுதித் தாறன், பாடமாக்குங்கோ."

"பாடமாக்கினாப் போலை என்ன? உடம்பிலை தோலைப் போட்டுக்கொண்டு ஆரிட்டைச் சொல்லுறது?"

அன்று வீட்டில் சிவபாதத்திடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "என்னிலை ஆரும் துப்பேல்லையப்பா. ஒவ்வொரு நாளும் எத்தினை மாட்டைப் புரட்டிப் போடுறன். அதைத் தின்னுற சனம் வந்து கையைக் குடுத்திட்டுப் போகுது."

இருவரும் கோட்டைக் குளியலறையில் விரித்தார்கள். எச்சில் பட்ட இடத்தைக் குணவதி ஷாம்பூ போட்டுத் தேய்த்தாள், மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். உரோமம் அந்த இடத்தில் முள்ளுமுள்ளாகக் குத்திட்டு நின்றது. சிவபாதம் யோசித்து, "உள்பக்கத்தை வெளியிலை திருப்பிப் போட்டா என்ன? ஒருத்தருக்கும் தெரியாது," என்றார். உள்ளே வழவழப்பான பட்டுத்துணிதான். நல்ல யோசனையாகப் பட்டது. குணவதி திருப்பிப் போட்டுப் பார்த்தாள். உரோமம் கழுத்தில் உராய்ந்தது, மணிக்கட்டுக்குள் புகுந்தது, மூச்சு விடும்போதெல்லாம் அதுவும் கூடவே அசைந்தது. உயிருள்ள ஏதோ தன்மேல் ஊர்வதுபோல அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. உதறிக் கழற்றிக் குளியல் தொட்டிக்குள் எறிந்தாள்.

"ஏலாது. ஊரவை பாத்துத் துப்பினாலும் பரவாயில்லை. இது என்னிலை படக்கூடாது."

திங்கட்கிழமை உரோமம் வெளியே தெரியத்தான் போட்டுக்கொண்டு போனாள். கிளடிஸ் எழுதித் தந்த இங்கிலிஷ் வசனம் கைப்பைக்குள் இருந்தது. ரயிலில் ஒரு கிழவர் கோட்டைப் பார்த்தார். குணவதி கண்ணை எடுக்காமல் அவரைத் திருப்பிப் பார்த்தாள். அவர் திரும்பிக்கொண்டார். மார்ச் மாதம் முழுக்க அப்படியே பார்த்துக்கொண்டு போனாள். வேறு யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. வசனத்துக்குத் தேவை வரவில்லை.

ஏப்ரலில் பனி கரைந்தது. அதன் அடியில் கிடந்தவை எல்லாம் வெளியே வந்தன: நாய்க் கழிவு, ஊறிய கையுறைகள், சிகரெட் அடிகள், ஒரு செத்த புறா. குணவதி மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவைக் கடந்தாள். அந்தச் சனிக்கிழமை கீழ்த் தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போகும்போது கோட்டையும் கொண்டுபோனாள். மிஸிஸ் நோவாக் போய் மாதக்கணக்காகிவிட்டது; இனி யார் மனமும் நோகாது. அங்கே ஒரு நீள மேசை உண்டு, வேண்டாத சாமான்களை ஆட்கள் அதில் வைத்துவிட்டுப் போவார்கள். கோட்டை நன்றாக மடித்து, ஒரு மூலையில் வைத்தாள். பிறகு உடுப்புகளைப் போட்டுவிட்டு மேலே வந்தாள்.

உடுப்பு எடுக்கத் திரும்பப் போனபோது மேசை வெறுமையாக இருந்தது. அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. குணவதி மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். யார் எடுத்திருப்பார்கள், ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பார்களா, முகர்ந்து பார்த்திருப்பார்களா. காரணமே இல்லாமல் அவளுக்குக் கோபம் வந்தது. ஈர உடுப்புகளை வாளியில் அள்ளிக்கொண்டு மேலே ஏறினாள்.

"ஆரோ எடுத்திட்டினம்," என்றாள் சிவபாதத்திடம்.

"நல்லது தானே."

"என்ன நல்லது. ஒரு கூச்சம் வேண்டாமே சனத்துக்கு?" என்று சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய்க் கையைக் கழுவத் தொடங்கினாள்.