தீர்த்தம் குடித்த மேசை

சேக்காட்டில் ஆக்னஸ் வீட்டு மேசை துளிர்விட்ட காலையில் அங்கே இருந்தவர்கள் மூன்று பேர்: வீட்டுக்காரி ஆக்னஸ், அவள் மகள் ரெனிதா, இட்லி மாவு கொடுக்க வந்த எதிர்வீட்டு வடிவு. மேசைமேல் இருந்த மாதா சொரூபத்தையும் சேர்த்தால் நான்கு. துளிர் மேசையின் இடது முன்காலில், கட்டைவிரல் நீளத்துக்கு வந்திருந்தது. வடிவு குனிந்து இலைகளை எண்ணினாள். எட்டு.

மேசை அந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் வாசலை ஒட்டிய அதே சுவரோரம், மரத்தூளை அழுத்திச் செய்த செருப்பு அலமாரி ஒன்று நின்றது. மழைவெள்ளம் முழங்கால் அளவு உள்ளே வந்து வடிந்தபோது அது பாலில் போட்ட பன் மாதிரி உப்பி, நான்காம் நாள் தானாகச் சரிந்தது. இனி வாங்கினால் முழு மரம்தான் என்று ஆக்னஸ் அன்றே முடிவு செய்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிகளில் தையல் பிசகு பார்ப்பது அவள் வேலை. அளவில் அவளை ஏமாற்ற முடியாது. வாசல் நடை மூன்றரை அடி அகலம், ஆகவே மேசையின் அகலம் ஓரடியைத் தாண்டக்கூடாது, நீளம் நான்கடி, உயரம் தன் இடுப்பு வரை. பூந்தமல்லி நெடுஞ்சாலைக் கடைகளில் சுவரோரம் போடும் ஒவ்வொரு கன்சோல் மேசையையும் விரல்முட்டியால் தட்டிப் பார்த்து, சத்தம் உள்ளே கூடு மாதிரி கேட்டால் பேசாமல் இறங்கிவிடுவாள். கடைசியில் திருமழிசையில், கார்த்திகேசன் என்ற தச்சரின் பட்டறையில், சாலையோரம் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்தின் பலகை ஒன்று தட்டியபோது சத்தமே எழுப்பவில்லை. அதையே எடுத்தாள்.

மேசையைக் கொண்டுவந்து போட்ட கார்த்திகேசன் அதைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தார். வெயில் படக்கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் சூடாக்கி, ரேகை ஓடும் திசையில் தேய்க்க வேண்டும் என்றார். போகும்போது வாசலில் நின்று, “எக்கா, இது இன்னும் முழுசா சாவல. தூங்கிகினு கீது. எண்ணெ காட்டு, மெழுகு காட்டு, தண்ணி மட்டும் காட்டாத” என்றார். ஆக்னஸ் அப்படியே செய்தாள். செத்துப்போன புருஷனின் பனியனைக் கிழித்து எண்ணெய் தேய்த்தாள். காபி டம்ளரைக்கூட மேசைமேல் வைக்க விடவில்லை.

ஆனால் கோயிலில் மந்திரித்துத் தந்த தீர்த்தத்தை அவள் தண்ணீராக எண்ணவில்லை. அந்தத் தெருவில் எந்த வேதக்கார வீட்டிலும் எண்ணமாட்டார்கள். காய்ச்சல்காரன் நெற்றியிலும், புது வண்டியின் சக்கரத்திலும், பரீட்சைக்குப் போகிறவன் பேனாவிலும் படுவது தண்ணீர் இல்லை. ரெனிதா நர்ஸ், அயர்லாந்தில் வேலை கிடைத்து விசாவும் வந்துவிட்டது. ஆக்னஸ் அவள் பாஸ்போர்ட்டை மாதா காலடியில் வைத்து ஒன்பது நாள் நவநாள் செபித்து, தினமும் நீல மூடி பாட்டிலிலிருந்து தீர்த்தம் தெளித்தாள். பயணம் நல்லபடியாக அமையத்தான் என்று ரெனிதா நினைத்துக்கொண்டாள். ஆக்னஸ் கேட்டது வேறு. ஒன்பதாம் நாள் துளிர் வந்தது.

பாஸ்போர்ட்டை எடுக்கப் போனபோது அது வரவில்லை. அறைந்த ஆணியைப் பட்டை மூடிக்கொள்வதுபோல, அதன் மூன்று ஓரங்களையும் பலகை மூடியிருந்தது. மேசைக்கால்கள் டைல்ஸை உடைத்து உள்ளே இறங்கியிருந்தன. கார்த்திகேசன் ரம்பத்தோடு வந்தார். குனிந்து பார்த்துவிட்டு ரம்பத்தைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

“இன்னா ஊத்துனீங்க?”

“தண்ணி எதுவும் படல.”

“அப்போ அந்த பாட்டில்ல கீறது?”

“அது மந்திரிச்சதுப்பா.”

“மரத்துக்கு இன்னாக்கா தெரியும், ஞானஸ்நானமா வாங்கிகீது? வேரு புட்ச்சிட்ச்சி. நான் மேசைக்குதான் வேல செய்வேன், மரத்துக்கு இல்ல.”

விமானத்துக்கு நான்கு நாள் இருந்தது. சாயங்காலம் இலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொள்வதைப் பார்த்தபடி ரெனிதா கேட்டாள்: “நீ இன்னாதாம்மா கேட்ட?” ஆக்னஸ் பாட்டிலின் நீல மூடியைத் திருகி இறுக்கினாள். வடிவுதான், “வேற இன்னா கேட்டிருப்பா? பொண்ணு போவக்கூடாதுன்னு கேட்டிருப்பா. ஆக்னஸு, கேட்ட நீயே அத திருப்பி வாங்கிக்கோ” என்றாள். ஆக்னஸ் மூன்று நாள் முழங்காலில் நின்று, கேட்டதை வேண்டாம் என்றாள். பலகை ஒரு நூல்கூட விடவில்லை. நான்காவது ஓரமும் உள்ளே போகத் தொடங்கியது.

புறப்படும் நாள் காலை, பெட்டிகள் வாசலில் இருந்தபோது, ஆக்னஸ் இடது உள்ளங்கையைப் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். வலது கை வேலைக்கு வேண்டும் என்று யோசித்துத்தான் இடதை வைத்தாள். ஒன்றை வாங்குவதற்காக இன்னொன்றைக் கீழே வைப்பவர்போலப் பலகை பாஸ்போர்ட்டை விட்டது. ஒரு மூலை மட்டும் ஈரம். கை மணிக்கட்டுவரை உள்ளே போயிற்று.

“வலிக்குதாம்மா?”

“இல்லடி. சில்லுனு கீது.”

ரெனிதா அழவில்லை. முழங்கை மடிப்பில் இரண்டு விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணினாள். நாடி இருந்தது. நிமிடத்துக்கு நான்கு. திரும்ப எண்ணினாள், அதேதான். கத்தி எடுக்கச் சமையலறைப் பக்கம் திரும்பியவளை ஆக்னஸ் அதட்டினாள்: “டாக்ஸிக்காரன் ஹாரன் அடிச்சிகினே கீறான். கெளம்பு. உனக்கோசரம் இன்னொரு கைய வெக்க முடியாது.”

அடுத்த சித்திரையில் அந்த வீட்டு ஜன்னல் வழியே இளஞ்சிவப்புப் பூக்கள் தெருவில் உதிர்ந்தன. வடிவு அவற்றை வாசலோடு சேர்த்துப் பெருக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அயர்லாந்திலிருந்து போன் வந்தது, வடிவு அதை ஆக்னஸின் காதில் பிடித்தாள். சாயங்காலம் இலை மூடிய பிறகு ஆக்னஸ் பேசமாட்டாள் என்பதால் ரெனிதா நேரம் பார்த்துக் கூப்பிட்டாள். தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

புறப்பட்ட அந்தக் காலையில், ஹாரன் சத்தத்துக்கு நடுவே, ரெனிதா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை மேசையோரம் உட்கார வைத்தாள். தாழ்ப்பாளுக்கு ஆக்னஸின் கை இனி எட்டாது என்பதால் வெளியே பூட்டி வடிவிடம் கொடுக்க வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள். வெளியே அவள் வடிவிடம் பேசுவது உள்ளே கேட்டது.

“காத்தால ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி வந்து பாத்துக்கோங்கக்கா.”

“தண்ணி?”

“கொஞ்சமா.”

கதவு மூடியது. பூட்டுக்குள் சாவி இரண்டு சுற்று சுற்றியது.