சவப்பெட்டியருகே சொன்னது

பிராந்தியப் போதைத் தடுப்புக் குழுவில் அயர்லாந்தின் கில்பரோன் குடியிருப்பின் சார்பாக உட்கார டிம்ப்னாவைத் தேர்ந்தெடுத்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். சம்பளம் கிடையாது, மதியம் ஒரு ஹாம் சாண்ட்விச் உண்டு. மக்கள் சொல்வதை அப்படியே கொண்டுபோய் அங்கே வைப்பதுதான் தன் வேலை என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கைதான் அவள் குடியைக் கெடுத்தது.

மூடிக்கிடந்த தபால் நிலையத்தில், ஊசியில் போதை ஏற்றுபவர்களுக்கு ஒரு சிகிச்சை மையம் திறக்கலாமா என்று குழு கேட்டது. வேண்டாமென்றால் அது வேறு ஊருக்குப் போய்விடும். டிம்ப்னா தேவாலயக் கூடத்தில் கூட்டம் போட்டாள்.

"நம்ம தெருவுல யாரு ஊசி போடுறா? டப்ளின்லேர்ந்து வர்ற சனியன்களுக்கு நாம ஏன் கதவத் திறந்து வைக்கணும்?" என்றார் கால்பந்து சங்கத்து மலக்கி.

"அப்புறம் நம்ம வீட்ட எவன் வாங்குவான்?" என்றாள் எதிர்வீட்டு அசம்ப்டா.

வேண்டாம் என்று எல்லாக் கைகளும் எழுந்தன. டிம்ப்னாவின் கையும்தான். மகன் ஃபின்டன் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு என்ன செய்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். தன் வீட்டில் மட்டும்தான் இந்தக் கேடு என்று நினைத்தாள். கையைத் தூக்காவிட்டால் ஊர் மோப்பம் பிடித்துவிடும் என்று பயம்.

மையம் வேறு ஊருக்குப் போனது. அங்கே போகும் பேருந்து வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஃபின்டன் கொஞ்ச நாள் போனான், பிறகு விட்டுவிட்டான். குளிர் தொடங்கியபோது குளியலறைக் கதவை உடைத்துத்தான் அவனை வெளியே எடுத்தார்கள்.

முன்னறையில் சவப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் வரிசையாக வந்து, ஃபின்டனின் நெற்றியைத் தொட்டு, அவள் கையைக் குலுக்கிவிட்டுச் சமையலறைக்குத் தேநீர் குடிக்கப் போனார்கள். மலக்கி கையை விடவில்லை.

"எங்க பெரியவனும் இதேதான், டிம்ப்னா. வெளிய சொல்லிடாத."

அடுத்து அசம்ப்டா. "என் பொண்ணும் இப்படித்தான் கிடக்குறா. அந்த மையம் மட்டும் இங்க வந்திருந்தா..." மேலே பேச முடியாமல் அழுதாள்.

அவளுக்குப் பின்னால் வந்தவர்களிலும் சிலர் இதையே முணுமுணுத்தார்கள். டிம்ப்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை பேரின் பொய்யையும், கூடவே தன் பொய்யையும் சுமந்துகொண்டு போய் மக்களின் குரல் என்று குழுவின் முன் வைத்திருக்கிறாள்.

துக்கம் ஆறுவதற்குள் குழுத் தலைவரிடம் போய், மையம் கேட்டு நின்றாள். "உங்க ஜனங்க வேணும்னு சொல்லட்டும், மறுபடி பாக்கலாம்" என்றார் அவர்.

அதே கூடம், அதே ஆட்கள். மழை பெய்துகொண்டிருந்தது.

"மையம் வேணும்கிறவங்க கையத் தூக்குங்க" என்று சொல்லி, தானே முதலில் தூக்கினாள். அந்த ஒரு கைதான்.

"எம்புள்ள பெட்டிகிட்ட நின்னு என்ன சொன்னீங்க? அத இங்க சொல்லுங்க."

மலக்கி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது வேற, டிம்ப்னா. அது துக்க வீடு."

பெயர்கள் எல்லாம் அவள் நாக்கு நுனியில் இருந்தன. சொல்லவில்லை. கையை மெல்ல இறக்கினாள்.

"சரி. அப்போ அடுத்து யாரு வீட்டுப் பெட்டிகிட்ட நின்னு சொல்லப்போறோம்?"

அசம்ப்டா மட்டும் எழுந்து, கோட்டைக்கூட எடுக்காமல், மழையில் தன் வீட்டைப் பார்த்து ஓடினாள்.